ஒற்றை அறை வீடு, ரெண்டு பிள்ளைங்க, தொற்று நேரம்: எதைப் பாக்கணும், எதை விடலாம்?

90 அடி ரோடு அம்மா

மும்பை தாராவியில 10-க்கு 12 அடி கோலி (ஒற்றை அறை வீடு), மேல ஒரு மாலா (பரண்). பெரியவனுக்கு 6 வயசு, 18 கிலோ. சின்னவளுக்கு 11 மாசம், 9 கிலோ, தாய்ப்பால் குடிக்கிறா. மாமியாருக்கு சுகர். இந்த மழைக்கு எங்க சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) வரிசையா எல்லா வீட்டுலயும் காய்ச்சல், இருமல். கொரோனா சமயத்துல சொன்ன "தனி அறை, தனி பாத்ரூம்" இங்க நடக்காது, கக்கூஸே பொது. கூட்டத்துக்குப் பயந்து சின்னவளோட 9 மாச ஊசியையும் தள்ளிப் போட்டுட்டோம். மாஸ்க் யாருக்குப் போடணும்? காய்ச்சல் வந்தா எது வரைக்கும் வீட்டுல பாக்கலாம், எப்ப ஓடணும்? மெடிக்கல்ல பாராசிட்டமால் மூணு விதமா இருக்கு, எதை வாங்குறது?

பிள்ளை வார்டு சிஸ்டர்

மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்த ஊசி. 2022 கடைசியில கோவண்டி பக்கம் மணல்வாரி அம்மை (மீசல்ஸ்) எப்படிப் பரவிச்சுன்னு மும்பைல இருக்கிறவங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா ரெண்டு வருஷத்துல ஊசி தவறின பிள்ளைங்க ஒரே இடத்துல சேர்ந்துபோனது அதுக்கு முக்கியமான காரணம். அப்ப 6 மாசக் குழந்தைக்குக்கூட கூடுதல் டோஸ் போட வேண்டி வந்தது. தொற்று நேரத்துல வீட்டோட இருக்கிறது சரி, தடுப்பூசிக்குப் போகாம இருக்கிறது சரியில்ல.

9 மாசம் முடிஞ்சதும் போடுறது எம்.ஆர். (மணல்வாரி அம்மை, ரூபெல்லா ரெண்டுக்கும் சேர்த்த தடுப்பூசி) முதல் டோஸ். கூடவே நிமோனியா ஊசியோட பூஸ்டர், போலியோ ஊசி மூணாவது, வைட்டமின் ஏ 1 மில்லி. தாமதமானதால முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். லேசான சளி, மூக்கொழுகல் இருந்தாலும் போடலாம். கார்டை எடுத்துட்டு ஒருத்தர் மட்டும் பாப்பாவோட ஹெல்த் போஸ்ட்டுக்கு (மாநகராட்சி சுகாதார நிலையம்) போங்க. போட்ட பிறகு அரை மணி நேரம் இருக்கச் சொல்வாங்க. அதை உள்ளே பெஞ்சில் இல்லாம, கூப்பிட்டா கேக்குற தூரத்துல வெளியே காத்தாட உக்காந்து கழிக்கலாம்.

மாஸ்க்: 5 வயசும் அதுக்குக் கீழயும் வேண்டாம்னுதான் 2021 ஜூன்ல மத்திய சுகாதாரத் துறை சொன்னது. ரெண்டு வயசுக்குக் கீழ மூச்சு முட்டுற ஆபத்தே இருக்கு. உங்க பெரியவனுக்குப் பெரியவங்க பார்வையில போடலாம்; ஓடி விளையாடும்போது கழட்டிடணும். உண்மையில மாஸ்க் தேவைப்படுறது இருமுற பெரியவங்களுக்குத்தான். உங்களுக்கே காய்ச்சல்னா மாஸ்க் போட்டு, கை கழுவிட்டு, பால் குடுத்துட்டே இருங்க. நிறுத்தாதீங்க.

எப்ப ஓடணும்கிறதுக்கு தெர்மாமீட்டரைவிட நெஞ்சைப் பாருங்க. பாப்பா அழாம இருக்கும்போது, தூங்கும்போதுன்னா இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிட்டு வயிறு ஏறி இறங்குறதை ஒண்ணுன்னு எண்ணுங்க. போன்ல ஒரு முழு நிமிஷம் வெச்சு எண்ணணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா தப்பு வரும், ஏன்னா குழந்தைங்க மூச்சு சீரா இருக்காது. ரெண்டு மாசத்திலேர்ந்து ஒரு வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 50, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசுக்கு 40, அதுக்கு மேல 30. இதைத் தொட்டாலே டாக்டர்கிட்ட காட்டணும். காய்ச்சல் ஏறும்போது மூச்சும் ஏறும், அதனால மருந்து வேலை செஞ்ச பிறகு இன்னொரு தடவை எண்ணுங்க. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழ பள்ளம் விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, கிளம்புங்க. பால் குடிக்க மறுக்கிறது, எழுப்பினா முழிக்காம துவண்டு கிடக்கிறது, 8 மணி நேரம் ஒண்ணுக்குப் போகாம இருக்கிறது, இதெல்லாமும் அதே கணக்குதான். 3 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே வீட்டு வைத்தியம் கிடையாது.

மாட்டுங்கா தாத்தா

மஞ்சள் போட்டு ரெண்டு வேளை ஆவி பிடிக்க வையுங்கம்மா, நெஞ்சுல தேங்காயெண்ணெயில கற்பூரம் குழைச்சுத் தடவுங்க. சளி தானா இறங்கிடும்.

மெடிக்கல் கவுண்டர்

ஐயா, பெரியவங்களுக்கு ஆவி பிடிக்கிறது வேற. 10-க்கு 12 கோலில கொதிக்கிற பாத்திரத்தை பிள்ளை முன்னால வெச்சா, சளியைவிட வெந்துபோறதுதான் பெரிய ஆபத்து. கற்பூரம் சின்னக் குழந்தைக்கு உடம்புல இறங்கினா வலிப்பே வரும், அதனால 2 வயசுக்குக் கீழ தொடவே வேண்டாம். தேனும் ஒரு வயசு வரைக்கும் கூடாது. மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு மருந்து, பக்கத்துக்கு ரெண்டு சொட்டு, பால் குடுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அது போதும்.

இருமல் சிரப் கேக்காதீங்க. நாங்களே குடுக்கக்கூடாது. 2025 அக்டோபர்ல வந்த அறிவுரைப்படி 2 வயசுக்குக் கீழ கிடையாது, 5 வயசுக்குக் கீழயும் பொதுவா வேண்டாம்.

இப்ப பாராசிட்டமால். கிலோவுக்கு 10-லேர்ந்து 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல போகாதீங்க. வயசைப் பாக்காதீங்க, எடையைப் பாருங்க. மூணு பாட்டில்னு நீங்க சொன்னது இதான்:

5 மில்லியில 120 (சில கம்பெனில 125) மில்லிகிராம் இருக்கிற சிரப்: சின்னவளுக்கு 5 மில்லி.
5 மில்லியில 250 இருக்கிற சிரப்: சின்னவளுக்கு 2.5 மில்லி, பெரியவனுக்கு 5 மில்லி.
ஒரு மில்லியிலயே 100 இருக்கிற டிராப்ஸ்: சின்னவளுக்கு 1.2 மில்லி.

தப்பு நடக்கிறதே அந்தக் கடைசி பாட்டில்லதான். சிரப் தீர்ந்துபோச்சுன்னு டிராப்ஸ் வாங்குவாங்க, பழைய மூடில 5 மில்லி ஊத்துவாங்க. 9 கிலோ குழந்தைக்கு ஒரே தடவையில 500 மில்லிகிராம் போயிடும், அது வேண்டியதைப் போல நாலு மடங்கு, இப்படியே திரும்பத் திரும்பக் குடுத்தா ஈரலைத் தாக்கும். வீட்டுல ஒரே ஒரு வகை, அந்த 250 சிரப்பை மட்டும் வெச்சுக்குங்க, மூடி மேல ஸ்கெட்ச் பேனாவுல "பாப்பா 2.5" "அண்ணன் 5"னு எழுதிடுங்க. டீஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்ச்ல அளந்து குடுங்க.

இன்னொண்ணு: மும்பை மழைக்காலத்துல காய்ச்சல்னாலே கொரோனா, ஃப்ளூன்னு முடிவு கட்டாதீங்க. ரெண்டாவது நாளும் அடிச்சா மலேரியாவுக்கும் டெங்குக்கும் ரத்தம் பாருங்க. டெங்கு இல்லைன்னு தெரியுற வரைக்கும் ஐபுபுரோஃபென், மெஃபனமிக்னு இருக்கிற வேற காய்ச்சல் மருந்து ரெண்டும் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைக்கு எப்பவுமே கூடாது.

பேதியும் வந்தா ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா உப்பு ஏறி குழந்தை இன்னும் மோசமாகும். ஒவ்வொரு தடவை போனதும் சின்னவளுக்கு 50-லேர்ந்து 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு இன்னும் மெதுவா.

எக்ஸாஸ்ட் ஃபேன்

வீட்டைப் பத்தி யாரும் சொல்லல. ஒரே அறைன்னா சுவரால பிரிக்க முடியாது, காத்தால பிரிக்கலாம். ஊதுபத்தி ஒண்ணு கொளுத்தி நடு வீட்டுல பிடிச்சு புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. புகை வெளியேறுற பக்கம், அது பெரும்பாலும் ஜன்னல் இல்ல கிச்சன் எக்ஸாஸ்ட், அங்க நோயாளி. காத்து உள்ளே வர்ற வாசல் பக்கம் மாமியாரும் குழந்தையும். ஜன்னல்ல டேபிள் ஃபேனை வெளியே பாத்து வையுங்க. உள்ளே பாத்து வெச்சா இருமினதையெல்லாம் அறை முழுக்கக் கலக்கிடும். ராத்திரி ஒருத்தர் தலைமாடு இன்னொருத்தர் கால்மாடா படுங்க.

நோயாளியை மாலாவுக்கு அனுப்பாதீங்க. தனியா இருக்கிற மாதிரி தோணும், ஆனா ஜன்னல் இல்லாத மாலால சூடும் கெட்ட காத்தும் தங்கிடும், மூச்சு வாங்குறதை கீழேர்ந்து பாக்கவும் முடியாது.

சானிடைசரை பிள்ளை கைக்கு எட்டாத உயரத்துல வையுங்க. தடவின கை காயுற வரைக்கும் ஸ்டவ் பக்கம் போகாதீங்க. பொது கக்கூஸுக்குப் போறவங்க சோப்பை பழைய சாக்ஸ்ல போட்டு கையோட கொண்டுபோனா காணாமப் போகாது.

90 அடி ரோடு அம்மா

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். பக்கத்து வீட்டு ஆக்சிமீட்டரை (ரத்தத்துல ஆக்சிஜன் பாக்குற கிளிப்) பாப்பா விரல்ல மாட்டினா 86, 91னு குதிக்குது. அப்புறம், ஊசி போட்டு காய்ச்சல் வந்தா இது தொற்றா ஊசியான்னு எப்படித் தெரியும்?

பிள்ளை வார்டு சிஸ்டர்

அது பெரியவங்க கிளிப், பாப்பா விரலுக்கு நிக்காது. கால் கட்டை விரல்ல மாட்டி, காலைச் சூடு வர்ற மாதிரி தேய்ச்சு, அவ அசையாம இருக்கும்போது ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க. நெயில் பாலிஷ் இருக்கக்கூடாது. நாடித் துடிப்பு எண் நிலையா நின்ன பிறகு வர்றதுதான் கணக்கு. 94-க்குக் கீழ நின்னா டாக்டர்கிட்ட, 90-க்குக் கீழன்னா 108. பெரியவனுக்கு ஆள்காட்டி விரலே போதும். எண் நல்லா இருந்தாலும் விலா பள்ளம் விழுந்தா எண்ணை நம்பாதீங்க.

எம்.ஆர். காய்ச்சல் அன்னைக்கே வராது. ஒரு வாரம் கழிச்சு, 5-லேர்ந்து 12 நாளுக்குள்ள, லேசா வரும். சில பேருக்கு மெல்லிசா தடிப்பும் இருக்கும், ரெண்டு மூணு நாள்ல போயிடும். ஊசி போட்ட தேதியை கார்டுலேயும் காலண்டர்லயும் குறிச்சு வையுங்க. டாக்டர் முதல்ல கேக்கப் போறது அதைத்தான். மூச்சு எண்ணிக்கை மட்டும் ரெண்டு காய்ச்சலுக்கும் ஒண்ணுதான், 50.

காய்ச்சல்ல வெட்டு (வலிப்பு) வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில ஸ்பூனும் வேண்டாம், கையில இரும்புச் சாவியும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா நேரா ஆஸ்பத்திரி. நின்னுட்டாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்.