ஓப்பன்ரிஃபைனில் ஆசிரியர் பெயர்கள் சிதைகின்றன, விக்கித்தரவில் தவறான ஆளோடு இணைகின்றன. உதவி தேவை

நூலகமேசை:
வணக்கம். ஒரு கலைக்கல்லூரி நூலகத்தில் பட்டியல் வேலை பார்க்கிறேன். கோஹா என்ற நூலக மென்பொருளில் 3,400 தமிழ் நூல்கள் பதிவாகியிருக்கின்றன. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ள எண்ணைச் சேர்க்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். காரணம் இதுதான்: எங்கள் அலமாரியில் மறைமலை அடிகள் பெயரில் சில புத்தகங்களும் சுவாமி வேதாசலம் பெயரில் சில புத்தகங்களும் உள்ளன. இருவரும் ஒருவரே. ஆனால் மாணவர் ஒரு பெயரைத் தேடினால் மற்றது வருவதில்லை. பெயருக்குப் பின்னால் ஒரே எண் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

மார்க் என்ற நூலகப் பதிவு வடிவத்தில் ஆசிரியர் பெயர் இருக்கும் 100ஆம் புலத்தை மட்டும் எடுத்து, தரவைச் சீராக்கும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் ஏற்றினேன். 1,612 தனிப்பெயர்கள். அப்படியே விக்கித்தரவோடு ஒப்பிட்டதில் கொஞ்சம்தான் இணைந்தன. அதிலும் கல்கி என்றால் விஷ்ணுவின் அவதாரம் வருகிறது, சுஜாதா என்றால் நடிகை வருகிறார்.

புள்ளி, காற்புள்ளிதான் தடை என்று நினைத்து, ஓர் ஆங்கிலக் காணொளியில் பார்த்த கட்டளையைக் கொடுத்து 'சுத்தப்பெயர்' என்று இன்னொரு பத்தி உருவாக்கினேன். எழுத்தையும் இடைவெளியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கும் கட்டளை அது. பெயர்கள் 1,497 ஆகக் குறைந்தன. இரட்டிப்புகள் ஒழிந்தன என்று எண்ணி, ஏற்கெனவே சரியாக இணைந்திருந்த 31 பேருக்குச் சுத்தப்பெயரை விக்கித்தரவில் மாற்றுப்பெயராகவும் ஏற்றிவிட்டேன். இன்று காலை பார்த்தால் சுப்பிரமணியம் என்பது 'சபபரமணயம' என்று நிற்கிறது. கிருஷ்ணன் 'கரஷணன' ஆகியிருக்கிறார். எழுத்துருவை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. என்ன செய்வது?

அட்டவணைக்காரி:
தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த 31ஐத் திரும்பப் பெறுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் பிழை உங்களோடு போகும். விக்கித்தரவு அப்படி இல்லை. அங்கே இருக்கும் தரவெல்லாம் சிசி0 என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது, உலகத்தில் யாரும் கேட்காமலே எடுத்துத் தங்கள் பட்டியலில் போட்டுக்கொள்ளலாம். 'சபபரமணயம' வேறொரு நூலகத்துக்குப் போய்விட்டால் அங்கிருந்து நம்மால் அழிக்க முடியாது.

ஓப்பன்ரிஃபைன் வழியாக ஏற்றியவை எடிட்குரூப்ஸ் என்ற கருவியில் ஒரே தொகுதியாகப் பதிவாகியிருக்கும். விக்கித்தரவுக் கணக்கோடு உள்ளே போய், உங்கள் தொகுதியைத் திறந்து, காரணம் எழுதி முழுவதையும் மொத்தமாகத் திருப்பலாம். முடிந்ததும் இங்கே சொல்லுங்கள்.

குறில்நெடில்:
எழுத்துருவில் ஒரு கோளாறும் இல்லை. கட்டளைதான் காரணம்.

நமக்கு 'சு' ஓர் எழுத்து. கணினிக்கு அது இரண்டு துண்டு: ச ஒன்று, உகரக் குறி ஒன்று. யுனிகோடில் ச 'எழுத்து' என்ற வகையில் இருக்கிறது. உகரக் குறி, இகரக் குறி, கால், மெய்யின் மேல் வைக்கும் புள்ளி எல்லாம் 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. எழுத்தைத் தவிர மற்றதை நீக்கு என்று நீங்கள் சொன்னதும், அது சொன்னபடியே எல்லாக் குறிகளையும் உரித்துவிட்டது. ஆங்கிலத்துக்கு இந்தக் கட்டளை ஒரு தீங்கும் செய்யாது. அதனால்தான் காணொளியில் ஒழுங்காக ஓடியது.

பெயர்கள் குறைந்ததற்கு மகிழ வேண்டாம். ராஜா, ராஜு, ராஜி, ரோஜா நான்கையும் உரித்துப் பாருங்கள், நான்கும் 'ரஜ'. தலைப்பெழுத்தில் இது இன்னும் ஆபத்து: சி., சு., சே., சோ. எல்லாம் வெறும் 'ச' ஆகிவிடும். சோ. ராஜாவும் சி. ராஜுவும் ஒரே ஆளாக நிற்பார்கள். குறைந்த 115 பெயர்களில் எத்தனை உண்மையான இரட்டிப்பு, எத்தனை இப்படிக் கலந்துபோன ஆட்கள் என்று அந்தப் பத்தியை வைத்துச் சொல்லவே முடியாது.

நல்லவேளை, மூலப் பத்தியைத் தொடாமல் வைத்திருக்கிறீர்கள். சுத்தப்பெயர் பத்தியை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குங்கள். கட்டளையில் எழுத்து வகையைக் குறிக்கும் 'எல்' வருகிறதல்லவா, அதன் பக்கத்திலேயே குறி வகைக்கான 'எம்' வகையையும் சேர்த்துவிடுங்கள். குறிகள் தப்பிவிடும்.

இன்னொன்று. தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியை நீக்கவே வேண்டாம். நீக்கினால் 'உ வே சாமிநாதையர்' என்று தொங்கும். புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி மட்டும் விடுங்கள். உங்கள் 100ஆம் புலத்தில் 'சாமிநாதையர், உ. வே.' என்று முன்பின்னாக இருந்தால், காற்புள்ளியில் பிரித்துத் திருப்பிப் போட்ட பிறகு ஒப்பிடுங்கள். இந்தத் தலைகீழ் முறை குடும்பப்பெயர் உள்ளவர்களுக்காக வந்தது. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப்பெயர்? உ என்பது உத்தமதானபுரம், வே என்பது தந்தை வேங்கடசுப்பையர். அழைக்கும் பெயர் கடைசியில்தான் இருக்கிறது.

நூலகமேசை:
அக்கா, 31ஐயும் திருப்பிவிட்டேன். நம்பிக்கை வராமல் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்தேன், எல்லாம் போய்விட்டன. புதுப் பத்தியில் இப்போது 1,568 பெயர்கள். சுப்பிரமணியம் சுப்பிரமணியமாகவே இருக்கிறார். ஆனால் கல்கி இன்னும் அவதாரம்தான்.

சுவடிப்பெட்டி:
அது வேறு சிக்கல். கல்கி என்ற மூன்றெழுத்துக்கு விக்கித்தரவில் அவதாரம் உண்டு, 1941இல் தொடங்கிய பத்திரிகை உண்டு, ரா. கிருஷ்ணமூர்த்தியும் உண்டு. எது வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒப்பிடத் தொடங்கும்போது வகை கேட்கும் இடத்தில் 'மனிதர்' (விக்கித்தரவில் அதன் எண் கியூ 5) என்று கொடுங்கள். அவதாரமும் பத்திரிகையும் விலகிவிடும்.

சுஜாதாவுக்கு இது போதாது, இருவரும் மனிதர்கள். அங்கே ஆண்டுதான் கைகொடுக்கும். எழுத்தாளர் சுஜாதா, அதாவது ரங்கராஜன், 1935இல் பிறந்து 2008இல் மறைந்தார். நடிகை சுஜாதா 1952இல் பிறந்து 2011இல் மறைந்தார். பிறந்த ஆண்டை ஒரு பத்தியாக வைத்து, ஒப்பிடும் சாளரத்தில் அதைப் பிறந்த தேதி என்ற பண்போடு (பி 569) இணைத்துவிட்டால் பொருத்தத்துக்கான மதிப்பெண் சரியான ஆளுக்கு ஏறும். ஆண்டு 100ஆம் புலத்தின் 'டி' உட்புலத்தில் இருக்க வேண்டும். தமிழ் நூல்களுக்கு அது பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும், எங்கள் நூலகத்திலும் அப்படித்தான். நான் அதிகப் புத்தகம் உள்ள 200 ஆசிரியர்களை வரிசைப்படுத்தி, அவர்களுக்கு மட்டும் ஆண்டைக் கையால் நிரப்பினேன். அலமாரியில் பாதிக்கு மேல் அந்த 200 பேருக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம், அதிக மதிப்பெண் வந்தால் தானாக இணை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். கிருஷ்ணமூர்த்தி, சுப்பிரமணியம் போன்ற பெயர்களுக்கு மதிப்பெண் நூறு வந்தாலும் ஆள் வேறாக இருக்கலாம். ஒப்பீட்டுச் சேவையின் முகவரியில் ஆங்கிலத்துக்கான மொழிக்குறி இருக்கும் இடத்தில் தமிழுக்கான 'டிஏ' குறியைப் போட்டால், வரும் பட்டியல் தமிழில் வரும். கண்ணால் சரிபார்க்கச் சுலபம்.

இணைந்தபின் எண்ணை கோஹாவில் 100ஆம் புலத்தின் ஒன்றாம் உட்புலத்தில் போடுங்கள், பூஜ்ஜியத்தில் வேண்டாம். பூஜ்ஜியம் ஒருவரைப் பற்றிய பதிவுக்கு, ஒன்று அந்த ஆளுக்கே. உலாவியில் தெரியும் பக்க முகவரியை நகலெடுக்காமல், 'எண்டிட்டி' என்று வரும் நிலையான முகவரியைப் போடுங்கள்.

குறில்நெடில்:
சுவடிப்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விக்கித்தரவு எண் கிடைத்துவிட்டால் அங்கிருந்தே வியாஃப் என்ற பன்னாட்டு நூலகப் பெயர்த் தொகுப்பின் எண்ணையும் (பி 214) அமெரிக்கக் காங்கிரஸ் நூலக எண்ணையும் (பி 244) புதுப் பத்திகளாக இழுக்கலாம். காங்கிரஸ் நூலகத்தின் ரோமன் எழுத்து முறையில் நம் சகரத்துக்கு 'எஸ்' வராது, 'சி' என்ற எழுத்துதான் வரும். சுந்தரம் என்பவரை அங்கே 'எஸ்' வரிசையில் தேடி ஓய்ந்தவர்கள் பலர். எண் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஏட்டுச்சுருள்:
பழைய எழுத்துரு முறையிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய பதிவுகள் இருக்கின்றனவா? அப்படியானால் ஔகாரத்தைப் பாருங்கள். ஔவை என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவை' என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஔவை சு. துரைசாமிப் பிள்ளை எங்கள் பட்டியலில் இதனால்தான் இரண்டு ஆளாக இருந்தார். சௌந்தரராஜன், கௌரி போன்ற பெயர்களிலும் இதே கதை. ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யுனிகோடு சீராக்கமும் இதைத் திருத்தாது. மொத்தமாக 'ஒள'வை 'ஔ'வாக மாற்றிவிடவும் கூடாது, ஒளி என்ற சொல் உடைந்துவிடும். நான் அதைச் செய்துவிட்டு 'ஒளியன்' என்ற புனைபெயரைத் தேடி ஒரு நாள் அலைந்தேன். ஒளவை, செளந்தர, கெளரி என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்.

நூலகமேசை:
எல்லோருக்கும் நன்றி. ஔகாரத்தில் மட்டும் 9 பெயர்கள் சேர்ந்தன. மறைமலை அடிகளும் சுவாமி வேதாசலமும் இப்போது ஒரே எண்ணில் இருக்கிறார்கள். நேற்று ஒரு மாணவி தேடியபோது இரண்டு பெயர்ப் புத்தகங்களும் ஒன்றாகத் திரையில் வந்தன. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய செய்யுள் நூல், 1957 பதிப்பு. தலைப்புப் பக்கத்தில் வித்துவான் என்ற பட்டமும் ஒரு தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும். ஒப்பிட்டால் அதே பெயருள்ள ஓர் அரசியல்வாதி 82 மதிப்பெண்ணோடு வருகிறார். அவர் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். இவருக்கு விக்கித்தரவில் புதிதாக ஓர் உருப்படி உருவாக்கலாமா?

அட்டவணைக்காரி:
உருவாக்கலாம், தம்பி, ஆனால் என்ன எழுதுவீர்கள்? பெயர், மனிதர், எழுத்தாளர் என்று மூன்று வரியோடு விட்டால், நாளைக்கு அதே பெயருள்ள இன்னொருவரை யாராவது அதில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நீங்கள் திருப்பிய அந்த 31ஐ விட அது பெரிய குழப்பம். குடும்பத்தார் ஊரிலேயே இருந்தால் அவர்கள் சொல்வதை மட்டும் வைத்து எழுதவும் வேண்டாம், அச்சில் ஓர் ஆதாரம் வேண்டும். அதுவரை கோஹாவிலேயே அவருக்கு ஓர் அத்தாரிட்டி பதிவு (ஒருவரின் பெயர்களை ஒன்றாக வைக்கும் பதிவு) போட்டு உள்ளூர் எண் கொடுங்கள். ஆதாரம் கிடைக்கும் நாளில் அந்த எண்ணை வெளியே இணைத்துக்கொள்ளலாம். நூலின் முன்னுரையைப் படித்தீர்களா?

நூலகமேசை:
படிக்கவில்லை அக்கா. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முன்னுரையின் கீழே ஊர்ப்பெயரும் தாம் தமிழாசிரியர் என்பதும் இருக்கிறது. முன்பு ஒரு பதிகம் அச்சிட்டதாகவும் சொல்கிறார். அந்தப் பதிகம் எங்கள் பழைய இருப்பில் ஆசிரியர் பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தது. இரண்டையும் ஒரே அத்தாரிட்டி பதிவில் சேர்த்துவிட்டேன். விக்கித்தரவுக் கட்டத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.