இஸ்லாமிய வங்கியின் முளாரபா சேமிப்புக் கணக்கு: தமிழில் என்ன சொல்லலாம்?

> 'வட்டியில்லாச் சேமிப்பு' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். காப்பில் வைப்பதற்கான வதீஆ கணக்கிலும்தான் வட்டி கிடையாது. முளாரபாவில் பணம் வாடிக்கையாளருடையது, உழைப்பு வங்கியுடையது. விகிதம் 60:40 என்றால், வந்த இலாபம் 100இல் அவருக்கு 60. நட்டம் வந்தால் அது வாடிக்கையாளர் போட்ட முதலைச் சேரும். வங்கிக்கு உழைத்த கூலி போச்சு. வங்கியின் அலட்சியமோ ஒப்பந்த மீறலோ காரணமென்றால்தான் வங்கி நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். முதலுக்கு உத்தரவாதம் இல்லாத இத்தகைய கணக்குகளை மலேசியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'வைப்பு' வகையில் சேர்க்காமல் முதலீட்டுக் கணக்கு என்றது. 'சேமிப்பு' என்பதே எனக்கு உறுத்துகிறது.

> 'கூட்டுப்பங்கு'?

அது முஷாரகாவுக்கு இருக்கட்டும். அங்கே இரு தரப்பும் முதல் போடும்.

நான் சொல்வது 'வாரம்', நிலச் சாகுபடியில் வழங்கும் சொல். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரத்தில் விளைந்ததில்தான் பங்கு. வட்டிக்கும் முளாரபாவுக்கும் அதே வித்தியாசம். வெறும் 'வாரக் கணக்கு' ஏழு நாள் கணக்காகிவிடும் என்பதால் 'இலாபவாரக் கணக்கு'. இரு தரப்புப் பங்குக்கும் மேல்வாரம் (நிலக்காரர் பங்கு), குடிவாரம் (உழுதவர் பங்கு) என்று சொற்கள் தயாராகவே இருக்கின்றன.

> தன் இலாபத்தில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் தருமத்துக்கு எழுதிவைக்கும் வகைக்கு?

'ஈகை இலாபவாரக் கணக்கு'. ஆனால் தருமத்துக்குப் போகும் எல்லாப் பணத்தையும் ஈகை என்று எழுதிவிடக் கூடாது. தவணை தவறியவரிடம் வாங்கும் தண்டத்தை வங்கி தன் வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்பதால், அதுவும் தருமத்துக்கே போகிறது. அது யாருடைய கொடையும் இல்லை, கைகழுவ வேண்டிய காசு. அதற்கு 'விலக்குத்தொகை' போதும். கட்டாயக் கொடையான ஜகாத்தையும் இதில் கலக்க வேண்டாம். இலாபம் வராத ஆண்டிலும், நிஸாப் எனும் குறைந்தபட்ச அளவுக்குக் கையிருப்பு இருந்தால், 2.5 விழுக்காடு கடமை. அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும்.

---

இலாபவாரம் சரி, விலக்குத்தொகையும் சரி. மேல்வாரம், குடிவாரம் மட்டும் வேண்டாம் ஐயா, பண்ணையார் வாடை அடிக்கிறது. 'முதல்வாரம், உழைப்புவாரம்' என்று போடுவோமா?

---

'முதல்வாரம்' என்றால் மாதத்தின் முதல் வாரமா என்று கேட்பார்கள். முதற்பங்கு, உழைப்புப்பங்கு. மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.