தேக்கடி: பட்டை உரித்தவரோடு ஒரு நடை

தேக்கடி ஏரிக்குள் கறுத்து நிற்கிற பட்ட மரங்களை எல்லோரும் படம் எடுத்திருப்பீர்கள். 1895-ல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய காடு அது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்கு அந்தத் தண்ணீர்தான் பாய்கிறது. அதனால் அந்தக் காட்டுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

திருவிதாங்கூர் அரசு 1934-ல் ஏரியைச் சுற்றியிருந்த காட்டை நெல்லிக்காம்பட்டி விலங்குக் காப்பிடம் ஆக்கியது. 1950-ல் பெரியாறு சரணாலயம், 1978-ல் புலிகள் காப்பகம், 1982-ல் அதன் நடுக்காடு மட்டும் தேசியப் பூங்கா. இத்தனை அறிவிப்பு வந்த பிறகும் வயணா என்கிற காட்டு இலவங்க மரத்துப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்பது நிற்கவில்லை. சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே காய்ந்துபோகும். 1990-களின் கடைசியில் வனத்துறை அந்தப் பட்டைக்காரர்களையே கூப்பிட்டுப் பேசி, காவலுக்கும் வழிகாட்டவும் வைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், பெரியாற்றின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான்.

எங்களோடு நடந்தவர் அவர்களில் ஒருவர். மூங்கில் மாதிரி அடர்ந்து வளரும் ஈற்றைக்காட்டு ஓரத்தில் சட்டென்று கையைப் பின்னால் விரித்து நிறுத்தினார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "காத்து நம்ம பக்கந்தாண்ணே வருது, அதுக்கு வாடை போகாது. அசையாம நில்லுங்க." உள்ளே ஈற்றை மடமடவென்று முறிந்தது. தாய் யானையின் முதுகு மட்டும் தெரிந்தது. அதன் காலுக்குள் குட்டி. அவர் தலையசைக்கும்வரை யாரும் மூச்சுகூடப் பலமாக விடவில்லை.

திரும்பும்போது ஒரு வயணா மரத்தைக் காட்டினார். இடுப்புயரத்தில் பழைய வெட்டு. இரண்டு ஓரத்திலிருந்தும் புதுப்பட்டை தடித்துச் சுருண்டு மூடிக்கொண்டு வந்தது. "இது எங்க ஆளுக கை வச்சதுண்ணே. ஒரு பக்கம் விட்டதால பொழச்சிருச்சு" என்றார். எந்தச் சரிவில் எவன் எந்த மாசம் ஏறுவான் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

குமுளிப் பக்கத்துப் பெண்களும் 2002-லிருந்து சம்பளம் வாங்காமல், முறை வைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள். வசந்த சேனை என்று பெயர்.

போகிறவர்கள் படகுச் சவாரியோடு நிறுத்திவிடாதீர்கள். வனத்துறை நடைக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நாம் கட்டும் பணம் கூட நடக்கிற வழிகாட்டிகள் பிழைப்புக்குப் போகிறது. மழை மாதங்களில் அட்டை ஏறும், லீச் சாக்ஸ் அங்கேயே தருவார்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.