மாற்று இதயம், வலியில்லாத அடைப்பு: உங்களுக்கு நடந்தது உண்டா?

ஈசூன் மகள்:
அப்பாவுக்கு இதயம் மாத்தி ஆறு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை ஆஞ்சியோகிராம் பார்த்த டாக்டர், இதயத்தோட ரத்தக்குழாய் நெடுகக் குறுகியிருக்குன்னு சொன்னார். நம்பவே முடியல. மனுஷன் தினமும் ஈசூன் குளத்தைச் சுத்தி நடக்கிறார், நெஞ்சுவலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அப்புறம் தாதிதான் விளக்கினாங்க: புது இதயம் வைக்கும்போது நரம்புத் தொடர்பு அறுந்துபோகும், அதனால அடைப்பு வந்தாலும் பெரும்பாலும் வலி தெரியாதாம். அப்பா கேட்டது ஒண்ணுதான்: "எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு ஆறு வருஷம் ஆச்சே, கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு?"

பழைய ஆய்வுக்கூடக்காரன்:
தங்கச்சி, அப்பா கேட்டது சரியான கேள்வி. 1968 ஜனவரியில், இதயமாற்று தொடங்கிய காலத்து நோயாளியான பிலிப் பிளைபர்க்குக்கு வைத்தது 24 வயதுக்காரரின் இதயம். 19 மாதத்தில் அவர் இறந்தபோது அந்த இளம் இதயத்தின் குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தன.

நான் எலிக்கு மாற்றிய ரத்தக்குழாயைச் சீவி, சாயமேற்றிப் பார்த்தவன். முதல் நாள் உள்சுவரையே முறைத்துக்கொண்டிருந்தேன், தடிப்பு அங்கேதானே! மேலதிகாரி கண்ணாடித்தகட்டை நகர்த்தி, "வெளியே பாருப்பா" என்றார். வெளிச்சுவரில் நிணநீரணுக்கள், அதாவது அந்நிய உறுப்பைத் தாக்கும் எதிர்ப்பணுக்கள், ஈயாக மொய்த்துக் கிடந்தன. அட்வென்டிஷியா என்கிற அந்த உறையை அதுவரை பொட்டலத் தாள் மாதிரிதான் நினைத்திருந்தேன். குழாய்ச்சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் ஓடுவது அதில்தான். எதிர்ப்பணுக்கள் அந்த வழியாகவும் நுழைகின்றன. அங்குள்ள நார் அணுக்கள் கிளர்ந்தால் தசைபோலச் சுருங்கும் குணம் வந்துவிடும். சில உள்ளே நகர்ந்து தடிப்பிலும் சேர்வதாக விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வெளியுறையில் நார் படிந்து இறுகினாலோ, குழாய் வெளியிலிருந்தும் நெரிபடும். பலகாரத்தை மட்டும் பழி சொல்லி என்ன செய்ய?

ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் பாதையைத்தான் காட்டும். சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்கக் குழாய்க்குள் விடும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

தெம்பனிஸ் மாமா:
எனக்கும் இதேதான்மா. எதிர்ப்புசக்தியை அடக்குற மருந்தை எவரோலிமஸுக்கு மாத்தினாங்க. இந்தத் தடிப்பை மெதுவாக்குமாம், சரியாக்காது. முதல் மாசம் வாயெல்லாம் புண்ணு, கோப்பி குடிக்க முடியல. இப்ப பரவாயில்ல.

ஈசூன் மகள்:
எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்ப முறுக்கு மேல தப்பில்ல"ன்னு டப்பாவைத் தேடுறார். அண்ணா, தயவுசெஞ்சு கொழுப்பைப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க.

பழைய ஆய்வுக்கூடக்காரன்:
ஐயா, கொழுப்பும் கூட்டாளிதான். இதயம் மாற்றியவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுப்பது அதனாலும்தான். டப்பாவை மூடுங்க.