பி.ஏ. தத்துவம்: எங்க தடுக்குது, எப்படித் தாண்டறது

நொய்யல்கரை:
மொதல்ல கால் தடுக்கறது லாஜிக் பேப்பர்லதானுங்க. அது பாதி கணக்கு. ட்ரூத் டேபிள்ல (கூற்றுக மெய்யா பொய்யாங்கற எல்லாச் சேர்க்கையையும் வரிவரியாப் போடற பட்டியல்) மூணு கூற்றுன்னா 8 வரி, நாலுன்னா 16. எட்டு வரிக்கு, மொதப் பத்தியில 4 மெய், 4 பொய்; அடுத்ததுல ரெண்டு ரெண்டா; கடைசியில ஒண்ணுவிட்டு ஒண்ணு. இந்த வரிசை தப்புச்சுன்னா ஒரு வரி ரெண்டு தடவை வந்து இன்னொண்ணு விட்டுப்போகும். 'இது நடந்தா அது நடக்கும்'ங்கற கூற்று ஒரே எடத்துலதான் பொய்: முன்பாதி மெய், பின்பாதி பொய். மத்த மூணும் மெய். மனசு ஒத்துக்காது, போட்டே ஆகணும்.

அடிக்கடி விழற குழி: "மழை பெஞ்சா நொய்யல்ல தண்ணி போகும். தண்ணி போகுது. அதனால மழை பெஞ்சிருக்கு." இது ஏன் நிக்காதுன்னு திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்லணுமாங்க? சாக்கடையும் ஆத்துலதான கலக்குது!

கூடுதுறை:
இந்திய அளவையியலுக்கு மணிமேகலையோட 29ஆம் காதையப் பக்கத்துல வெச்சுக்குங்க. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இங்க பொருத்தறது), நிகமனம் (முடிவு)னு ஒரு வாதத்தோட அஞ்சு உறுப்பும் தமிழ்லயே கெடைக்கும். மலையில நெருப்பு இருக்கு, ஏன்னா புகை இருக்கு, அடுக்களை மாதிரி. நியாயம்ங்கற இந்தியத் தத்துவப் பிரிவுக்கு அஞ்சும் வேணும். அந்தக் காதையில கடைசி ரெண்டும் திட்டாந்தத்துக்குள்ளயே அடங்கிரும். பரீட்சையில இந்த ரெண்டு முறையையும் கலந்து எழுதிறாதீங்க.

இதையே திருப்பிப் போட்டு, 'நெருப்பு இருந்தாப் புகை இருக்கும்'னு எழுதறவங்க நெறையப் பேரு. பட்டறையில பழுக்கக் காஞ்ச இரும்புல நெருப்பு இருக்கு, புகை எங்க? ஈர வெறகு சேர்ந்தாத்தான் புகை. அந்த ஒளிஞ்சிருக்கற நிபந்தனைக்குப் பேருதான் உபாதி. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில, சக்கை நல்லாக் காஞ்சிருக்கற நாளும் ஈரமா இருக்கற நாளும் பொகையப் பாத்தவங்களுக்கு ஒரே நிமிஷத்துல புரியும்.

ஆனைமலை:
மேற்கத்தியப் பாடத்துக்கு கைடு மட்டும் படிச்சா, பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் பத்தி "டெகார்ட் எல்லாத்தையும் சந்தேகப்பட்டார்"னு ஒரு வரியோட நின்னுரும். 1641ல வந்த அவரோட 'மெடிடேஷன்ஸ்' புத்தகம் மொத்தமே ஆறு பகுதி, மூலத்தையே படிங்க. ஒரு உக்காருக்கு நாலஞ்சு பக்கம் போதும். மொதல்ல முடிவு எந்த வாக்கியம்னு கோடு போடுங்க. அப்பறம் அதத் தாங்கற வாக்கியங்களுக்கு எண் போடுங்க. சந்தேகம் படிப்படியா ஏறும்: புலன் ஏமாத்துது, அப்பறம் கனவு, கடைசியா ஏமாத்தற பிசாசு. ஒவ்வொரு படியும் முந்தினது தொடாம விட்ட எதைத் தட்டிவிடுதுன்னு எழுதுனாத்தான் அது பதில். கனவு வரைக்கும் ரெண்டும் மூணும் அஞ்சுங்கறது தப்பிச்சு நிக்குதே, அதைச் சொல்லாதவங்கதான் அதிகம்.

கூடுதுறை:
வேலை பாத்துட்டே படிக்கறவங்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்குதுங்க. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்னு கணக்கு. 6 கிரெடிட் பாடத்துக்கு 180. அசைன்மென்ட்டக் கடைசி வாரம் வரைக்கும் தள்ளுனா மார்க்கு அங்கயே போயிரும்.

நொய்யல்கரை:
ஐ.ஏ.எஸ். பரீட்சையில ஆப்ஷனலா (விருப்பப் பாடமா) எடுக்கறதுக்காக மட்டும் பி.ஏ. தத்துவத்துல சேர்றவங்க யோசிச்சுக்குங்க தம்பி. தத்துவம் ஆப்ஷனல் ரெண்டு தாள், 250 வீதம் 500 மார்க்கு. அதை எடுக்க எந்த டிகிரி இருந்தாலும் போதும்ங்க.