கச்சத்தீவைச் சுற்றியுள்ள கடல்

ராமேஸ்வரத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கடல்தொழில்தான். அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போய்வந்த அனுபவத்தைப் பலரும் சொல்கிறார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அந்த மண்ணையும் கடலையும் பற்றிச் சொல்கிறேன்.

மொத்தமே 285 ஏக்கர். குன்று, மேடு எதுவும் கிடையாது. படகு கிட்டே போகும்வரை தண்ணீர் மட்டத்தில் ஒரு புதர் வரிசைதான் தெரியும். கரையில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. செத்த பவளத் துண்டுகளும் உடைந்த சிப்பியும் காலைக் கிழித்துவிடும். உள்ளே முள்ளும் காய்ந்த புல்லும். நல்ல தண்ணீர் இல்லை, அதனால் குடியிருப்பும் இல்லை. திருவிழாக் கூட்டத்துக்குக் குடிதண்ணீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளிப் போகிறது. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று அதிலேயே இருக்கிறது. தீவு யாருக்கு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. எங்கள் ஊரில் அது வெறும் அரசியல் பேச்சு இல்லை, பிழைப்பு.

ஆனால் கச்சத்தீவில், இலங்கையின் நெடுந்தீவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் இழுவைமடியை, அதாவது கடலடியை உரசி இழுத்துப்போகிற வலையைப் பற்றிச் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. "தம்பி, தீவை ஆரும் தூக்கிக்கொண்டு போகேலாது. உங்கட இழுவைமடி அடியில கிடக்கிற தாழையை (கடல்புல்லை) வழிச்சுக்கொண்டு போகுது. அதுக்குப் பிறகு எங்களுக்கும் மீனில்லை, உங்களுக்கும் மீனில்லை."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். வெயில் அடிவரை இறங்குவதால்தான் கடல்தாழை வளர்கிறது. இறாலும் நண்டும் குஞ்சாக ஒதுங்குவது அதற்குள்தான்; ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வதும் அதைத்தான். இழுவைமடியின் அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டே போகும்போது தாழை வேரோடு வந்துவிடும். மடியை உதறும்போது மீனோடு சேர்ந்து பச்சையாக விழுவதைப் படகில் போகிற எல்லாரும் பார்த்திருப்போம்.

இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் பக்கம் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஆவுளியாவுக்கு எல்லைக்கோடு தெரியாதே. கச்சத்தீவைச் சுற்றியுள்ள கடலையும் இரண்டு நாடும் சேர்ந்தே காக்க வேண்டும் என்பது என் கருத்து. மடியை விடச் சொன்னால் படகுக் கடனுக்கு வழி சொல்லவேண்டும், அதுவும் நியாயம்தான்.

சமீபத்தில் ஆவுளியாவைக் கண்ணால் பார்த்த நாட்டுப்படகுக்காரர்கள் இருந்தால், எந்த மாதம், குட்டியோடு இருந்ததா என்று சொல்லுங்கள்.