கரையோரப் பூங்கா நன்றாகப் பராமரிக்கப்படுகிறதா என்று எப்படி அளப்பது?

கரைநடை:
ஆற்றையொட்டிய ஒரு பொதுப் பூங்காவின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை 20 கேள்விகள் உள்ள படிவத்தோடு சுற்றி வந்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். போன மாதம் 100க்கு 86 வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அதே வாரம் படித்துறையின் கடைசிப் படிகளில் பாசி வழுக்கி ஒரு பெரியவர் விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மிதவை வளையம் மாட்டும் கம்பத்தில் வெறும் கொக்கிதான் இருக்கிறது. நல்லவேளை, அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இந்த 86 எதைத்தான் அளந்தது? உருப்படியாக அளக்க வழி உண்டா?

மண்வெட்டி:
கோளாறு கூட்டலில்தான். புல்லுக்கு 5, வளையம் காணாமல் போனதற்கு 1, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 3, அதாவது 'பரவாயில்லை'. உயிர் சம்பந்தப்பட்டதை அழகோடு கூட்டவே கூடாது. வளையம், கைப்பிடி, படி, விளக்கு இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த மாதம் பூங்கா தோல்விதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1 முதல் 5 வரை போடுவதையும் விட்டுவிடலாம். நியூயார்க் நகரப் பூங்காத் துறை 1980களிலிருந்து இப்படி ஆய்வு நடத்தி வருகிறது, அவர்கள் தரும் முடிவு ஏற்கத்தக்கது, தகாதது என்ற இரண்டுதான். ஆனால் எது தகாதது என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். 'கைப்பிடி நல்ல நிலையில் உள்ளதா' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், 'பிடித்து அசைத்தால் ஆடுகிறதா' என்று கேட்டால் ஒரே பதில்தான். இரண்டு பேரைத் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள், பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்.

உப்புக்காற்று:
எப்போது சுற்றுகிறீர்கள்? காலையில், கூட்டிப் பெருக்கி முடிந்த பிறகுதானே? நாள் முன்கூட்டியே தெரிந்தால் அன்று மட்டும் துடைப்பம் இரண்டு தடவை ஓடும். சொல்லாமல் போங்கள், விடுமுறை நாள் மாலையில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, பலத்த மழைக்கு மறுநாள் ஒருமுறை.

தண்ணீர்க்கரைக்கென்று சில இடங்கள் உண்டு. காற்று குப்பையை ஒதுக்கும் மூலை ஒன்று எல்லாக் கரையிலும் இருக்கும், அங்கே ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் படம் எடுங்கள். நீர்மட்டம் இறங்கும்போது தடுப்புச்சுவரின் அடியைப் பாருங்கள், மண் அரித்திருந்தால் அப்போதுதான் தெரியும். கடற்கரை என்றால் விளக்குக் கம்பத்தின் அடிப் போல்ட்டுகள். மேலே புது பெயின்ட் பளபளக்கும், கீழே துரு தின்றுகொண்டிருக்கும். மழை பெய்தால் வடிகால் நீர் கலந்து கிருமி கூடும், தெளிவாகத் தெரிகிறது என்பதை நம்பிக் காலை நனைக்காதீர்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்றான புளூ ஃபிளாக்கைப் பெறும் கடற்கரைகள் நீர்ப் பரிசோதனை முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தாக வேண்டும். உங்கள் பூங்காவில் அப்படி ஒரு பலகை இருக்கிறதா?

திண்ணை:
பொருள்களை மட்டுமே எண்ணுகிறீர்கள், மனிதர்களையும் எண்ணுங்கள். வில்லியம் ஒயிட் என்பவர் 1970களில் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மக்கள் நன்றாகப் பயன்படுத்தும் இடங்களில் பெண்களின் விகிதம் சராசரியைவிடக் கூடுதலாக இருந்ததைக் கவனித்தார். மாலை 6 மணிக்கு 15 நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, தனியாக வந்த பெண்கள், முதியவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று குறித்தாலே நிறையத் தெரியும்.

அப்புறம், புகார் குறைந்தால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவில் புகார்கள் திடீரெனப் பாதியாகின, பாராட்டுக் கூட்டம்கூட நடந்தது. பிறகுதான் தெரிந்தது, பலகையில் இருந்த தொலைபேசி எண் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

கரைநடை:
நேற்று மழை விட்டதும் சொல்லாமல் போய் வந்தேன். 20ல் 9 தேறவில்லை. வளையம் புதிதாக மாட்டியிருக்கிறார்கள், கயிறு இல்லை. பாசி அப்படியே இருக்கிறது. இதற்குள் செயலாளர் அந்த 86ஐ நுழைவாயிலில் பெரிதாக ஒட்டிவிட்டார், எடுக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

மண்வெட்டி:
எடுக்க வேண்டாம், சண்டை எதற்கு? பக்கத்திலேயே அந்த 9 குறைகளையும் ஒட்டுங்கள், கண்ட தேதி ஒரு கட்டத்தில், சரிசெய்த தேதி அடுத்த கட்டத்தில். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கட்டும். கயிறை மட்டும் இன்றைக்கே வாங்கிக் கட்டிவிடுங்கள்.